சிப் குடும்பமே மாறும்போது: புது மேக்குக்கு நகரும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

ஒரு கணினி நிறுவனம் பிராசசர் குடும்பத்தையே மாற்றப்போவதாக அறிவித்தால், பயனர்களிடம் உடனே மூன்று விதமான பேச்சு கிளம்பும். "இருப்பதை இன்றே விற்றுவிடு, நாளைக்கு மதிப்பே இருக்காது" என்பார்கள் சிலர். "பழைய சிப்பில் வரும் கடைசி நல்ல மாடலை வாங்கிப் போட்டு வருஷக்கணக்கில் ஓட்டு" என்பார்கள் வேறு சிலர். "எல்லாம் தானாக ஓடும் என்று சொல்லிவிட்டார்களே, அப்புறம் என்ன?" என்பவர்களும் உண்டு. மேக் கணினிகள் பவர்பிசியை விட்டு இன்டெலுக்கு மாறும் என்று 2005 ஜூன் 6-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தபோது இந்த மூன்றும் எழுந்தன. இன்டெலை விட்டு ஆப்பிளின் சொந்த சிப்புக்குப் போகிறோம் என்று 2020 ஜூன் 22-ல் அறிவிப்பு வந்தபோதும் அதே மூன்றுதான்.

மூன்றிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றுமே சிப்பைத்தான் பார்க்கின்றன. மாறிய பிறகு ஆளை மாட்டவைப்பது, யாரும் இனிப் புதுப்பிக்காத ஏதோ ஒரு சின்ன மென்பொருள்: பழைய ஆடியோ கருவியின் டிரைவர், இன்னொரு செயலிக்குள் செருகி ஓடும் ஒரு பிளக்இன், கணக்கு எழுதும் பழைய செயலி. அதை வாங்குவதற்கு முன்பே தேடிப் பிடிப்பதுதான் இந்த வழிகாட்டியின் முக்கிய வேலை. இன்டெல் மேக்கிலிருந்து, எம்1, எம்2 என்று வரும் ஆப்பிளின் சொந்த சிப் உள்ள எம் வரிசை மேக்குக்குப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. எம் வரிசையைப் போலவே ஆர்ம் வகைச் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு பகுதி இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

இன்டெல் சிப்புக்காகத் தொகுக்கப்பட்ட செயலியில் இருக்கும் கட்டளைகள் ஆர்ம் சிப்புக்குப் புரியாது. இந்த இடைவெளியை ஆப்பிள் இரண்டு வழியில் நிரப்பியது. ஒன்று யுனிவர்சல் செயலி: ஒரே கோப்புக்குள் இரண்டு சிப்புக்கும் தனித்தனிப் பிரதி இருக்கும், கணினி தனக்கு உரியதை எடுத்துக்கொள்ளும். மற்றது ரொசெட்டா 2: இன்டெல் கட்டளைகளை ஆர்ம் கட்டளைகளாக மாற்றித் தரும் மொழிபெயர்ப்பான்.

ரொசெட்டா பெரும்பாலான வேலையைச் செயலி ஓடத் தொடங்கும் முன்பே முடித்து, பலனைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் இன்டெல் செயலியை முதல் முறை திறக்கும்போது டாக்கில் ஐகான் வெகுநேரம் குதித்துக்கொண்டே இருக்கும். அடுத்த முறை சட்டென்று திறந்துவிடும். முதல் தடவையின் தாமதத்தைப் பார்த்து இயந்திரத்தை எடைபோட வேண்டாம்.

ரொசெட்டா தொடாத இடங்களும் உண்டு. கெர்னல் எக்ஸ்டென்ஷன்களை, அதாவது இயங்குதளத்தின் அடிமட்டத்தில் உட்காரும் டிரைவர்களை, அது மொழிபெயர்க்காது. கணினிக்குள் இன்னொரு இன்டெல் கணினியை மெய்நிகராக ஓட்டும் மென்பொருள்களையும் மொழிபெயர்க்காது. ஒரே சமயத்தில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 என்ற இன்டெல் கட்டளைகளுக்கு மேக்ஓஎஸ்ஸின் செக்கோயா பதிப்பில்தான் ஆதரவு வந்தது; அதற்கு முந்தைய மேக்ஓஎஸ்ஸில் அந்தக் கட்டளைகளைக் கட்டாயமாகக் கேட்கும் செயலிகள் திறந்த உடனே மூடிக்கொள்ளும்.

வாங்கும் முன்: பழைய கணினியில் கணக்கெடுப்பு

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய மேக்கில் பிக் சர் அல்லது அதற்குப் பிந்தைய மேக்ஓஎஸ் இருந்தால் வேலை சுலபம்.

ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டே ஆப்பிள் மெனுவைத் திறந்தால் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' வரும். இடப்பக்கப் பட்டியலில் 'சாஃப்ட்வேர்' பிரிவின் கீழ் 'அப்ளிகேஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியல் நிரம்பச் சிறிது நேரம் ஆகும். பிறகு 'கைண்ட்' என்ற தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்துங்கள். 'யுனிவர்சல்' என்று இருப்பவற்றை மறந்துவிடலாம். 'இன்டெல்' என்று இருப்பவைதான் உங்கள் பட்டியல். பெயரோடு பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றின் தயாரிப்பாளர் தளத்துக்கும் போய்ப் பாருங்கள். புதுப் பதிப்பு யுனிவர்சலாக வந்திருந்தால் பிரச்சினை தீர்ந்தது, ஒருவேளை கட்டணம் மட்டும் கேட்கலாம். புதுப் பதிப்பு இல்லை, ஆனால் நிறுவனம் உயிரோடு இருக்கிறது என்றால் ரொசெட்டாவை நம்பி ஓட்டலாம். மாற்றையும் தேடி வைக்க வேண்டும். தளமே இல்லை, கடைசி வெளியீடு பல வருஷத்துக்கு முந்தையது என்றால் சிவப்புக் கோடு போடுங்கள். மாறுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்யப்போவது இந்தச் சிவப்புக் கோடுகளின் எண்ணிக்கைதான்.

அதே 'சாஃப்ட்வேர்' பிரிவில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. பலர் இதைத் திறப்பதே இல்லை. அதிக ஆபத்து இருப்பது இங்கேதான். 'அப்டெய்ன்டு ஃப்ரம்' தலைப்பில் வரிசைப்படுத்தினால் ஆப்பிள் அல்லாதவர்கள் தந்தவை ஒரே இடத்தில் சேரும். ஒவ்வொன்றும் எந்தக் கருவிக்கு உரியது என்று எழுதுங்கள். அந்தக் கருவிக்கு ஆர்ம் டிரைவர் வரவில்லை என்றால், புது மேக்கில் அது வெறும் டப்பாதான். ரொசெட்டா இதற்கு உதவாது.

பிளக்இன்களைச் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் செயலிப் பட்டியல் காட்டாது. இசைத்துறையில் இருப்பவர்கள் லைப்ரரி, ஆடியோ, பிளக்இன்ஸ் என்று போய் 'காம்பொனென்ட்ஸ்', 'விஎஸ்டி', 'விஎஸ்டி3' கோப்புறைகளைக் கையால் பார்க்க வேண்டும். லைப்ரரி இரண்டு இடத்தில் இருக்கிறது: கணினி முழுவதற்கும் ஒன்று, உங்கள் கணக்குக்கு மட்டும் ஒன்று. இரண்டையும் பாருங்கள். படத்தொகுப்பு, வடிவமைப்பு மென்பொருள்களின் பிளக்இன்களுக்கும் இதே கதிதான்.

இன்னொரு சிக்கல், சிப்போடு சம்பந்தமே இல்லாதது. உங்கள் பழைய மேக் மொஹாவி அல்லது அதற்கு முந்தைய மேக்ஓஎஸ்ஸில் நின்றுபோயிருந்தால், 32-பிட் செயலிகள் இன்னும் அதில் ஓடிக்கொண்டிருக்கும். 2019-ல் வந்த காட்டலினாவிலேயே 32-பிட் ஆதரவு போய்விட்டது. எம் வரிசை எதுவும் பிக் சருக்கு முந்தைய மேக்ஓஎஸ்ஸை ஏற்காது. ஆகவே நீங்கள் ஒரே தாவலில் இரண்டு மாற்றங்களைக் கடக்கிறீர்கள். "புது சிப்பால் என் செயலி போச்சு" என்ற புகார்களில் கணிசமானவை உண்மையில் இந்த 32-பிட் கதைதான். அந்தச் செயலி புதிய இன்டெல் மேக்கிலும் ஓடாது.

விண்டோஸும் மேக்கில் வேண்டும் என்றால்

இன்டெல் மேக்கில் விண்டோஸை நேரடியாக நிறுவி ஓட்ட உதவிய பூட் கேம்ப் எம் வரிசையில் இல்லை. இதை நம்பி இருப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

மாற்று வழி மெய்நிகர் கணினி. பேரலல்ஸ், விஎம்வேர் ஃப்யூஷன் இரண்டிலும் விண்டோஸ் 11-ன் ஆர்ம் பதிப்பு ஓடும். அந்த விண்டோஸ் தன்னுடைய மொழிபெயர்ப்பானால் சாதாரண விண்டோஸ் செயலிகளை ஓட்டும். அலுவலகச் செயலிகள், கணக்கு மென்பொருள் போன்றவற்றுக்கு இது பொதுவாகப் போதும். உரிமச் சாவியாக வரும் யூஎஸ்பி டாங்கிளைச் செருகினால்தான் திறக்கும் மென்பொருளுக்கு டாங்கிளின் ஆர்ம் விண்டோஸ் டிரைவர் தேவை; அது இல்லாவிட்டால் மென்பொருள் ஓடினாலும் உரிமத்தைக் காணோம் என்று நின்றுவிடும்.

இன்டெல் மேக்கில் நீங்கள் வைத்திருக்கும் பழைய மெய்நிகர் கணினிக் கோப்புகளை அப்படியே நகலெடுத்துப் புது மேக்கில் திறக்க முயல வேண்டாம், திறக்காது. உள்ளே இருக்கும் கோப்புகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு, புது மேக்கில் ஆர்ம் விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். யூடிஎம் போன்றவை இன்டெல் கணினி முழுவதையும் போலச்செய்து காட்டும். பழைய கோப்பு ஒன்றைத் திறந்து பார்க்க ஆகும், தினசரி வேலைக்கு ஆகாத அளவு மெதுவானது.

எப்போது மாறுவது

முதல் அலையில் வாங்குவது மடத்தனம் என்ற பொது விதி ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. வரலாறு இதை முழுதாக ஆதரிக்கவில்லை. முதல் இன்டெல் மேக்குகள் 2006 ஜனவரியில் வந்தன. போட்டோஷாப்பின் யுனிவர்சல் பதிப்பு 2007 ஏப்ரலில்தான் வந்தது, மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2008 ஜனவரியில். அந்தக் காலத்தில் பொறுத்திருந்தவர்கள் சரியாகவே செய்தார்கள். எம்1 மேக்குகள் 2020 நவம்பரில் வந்தன. ஆபீஸ் அடுத்த மாதமே தயார். போட்டோஷாப் 2021 மார்ச்சில். அந்த முறை பொறுத்திருந்ததால் பெரும்பாலோருக்குப் பெரிய லாபமில்லை. பொது விதியை விட்டுவிட்டு உங்கள் பட்டியலில் உள்ள செயலிகளின் தேதிகளைப் பாருங்கள்.

பழைய சிப்பின் கடைசி மாடலை வாங்குவதைப் பற்றி உறுதியாகவே சொல்லலாம்: உங்களுக்கு பூட் கேம்ப் போன்ற குறிப்பான காரணம் இல்லாவிட்டால் வேண்டாம். நான்கு கோர் பவர் மேக் ஜி5, இன்டெல் அறிவிப்புக்குப் பிறகு, 2005 அக்டோபரில் வெளிவந்தது. 2009 ஆகஸ்ட்டில் வந்த ஸ்னோ லெப்பர்டு பவர்பிசியில் ஏறவே இல்லை. அந்த வரிசையிலேயே மிக வேகமான இயந்திரம், நான்கே வருஷத்தில் புது இயங்குதளத்தை இழந்தது. இன்டெல் மேக் புரோ 2023 ஜூன் வரை விற்பனையில் இருந்தது; 2025-ல் வந்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி மேக்ஓஎஸ் என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. அதுவும் 2019, 2020-ல் வந்த நான்கு மாடல்களில் மட்டுமே ஏறும்.

மொழிபெயர்ப்பானுக்கும் காலக்கெடு இருக்கிறது. முதல் ரொசெட்டா 2006-ல் வந்து, 2011 ஜூலையில் லயன் பதிப்போடு போய்விட்டது. அமெரிக்காவில் வீட்டுக் கணக்கு எழுதப் பலர் நம்பியிருந்த குயிக்கன் 2007 அன்று லயனில் திறக்கவில்லை. லயனில் ஓடும் பதிப்பு 2012-ல்தான் வந்தது. அதுவரை அவர்களில் பலர் லயனுக்கு மாறாமலே காத்திருந்தார்கள். ரொசெட்டா 2 மேக்ஓஎஸ் 27 வரை முழுமையாக இருக்கும், அதன் பிறகு புதுப்பிக்கப்படாத சில பழைய விளையாட்டுகளுக்கு மட்டும் ஒரு பகுதி மிஞ்சும் என்று ஆப்பிள் சொல்லியிருக்கிறது. ஆகவே "இப்போது ரொசெட்டாவில் ஓடுகிறதே" என்பதை நிரந்தரத் தீர்வாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தேர்ந்தெடுக்கும்போது

ரேம் சிப்போடு சேர்ந்தே வருகிறது. பிறகு கூட்ட முடியாது. கிராபிக்ஸுக்கும் அதே ரேம்தான். புது சிப்பில் 8 ஜிபி பழையதன் 16 ஜிபிக்குச் சமம் என்ற பேச்சை நம்ப வேண்டாம்: சேமிப்பகம் வேகமானதால் நெருக்கடி தெரியாமல் ஓடும், ஆனால் ஒரு பெரிய படக்கோப்புக்கு வேண்டிய இடம் எந்தச் சிப்பிலும் அதே இடம்தான். ரொசெட்டா வழியாக நிறைய செயலிகள் ஓட்டப்போகிறீர்கள் என்றால் 16 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள்.

வெளித்திரை எண்ணிக்கையைப் பாருங்கள். அடிப்படை எம்1, எம்2 மேக்புக்குகள் ஒரே ஒரு வெளித்திரையைத்தான் ஏற்கும். எம்3 ஏர், மூடியைச் சாத்தினால் இரண்டை ஏற்கும்; எம்4 ஏர், மூடி திறந்திருக்கும்போதே இரண்டை ஏற்கும். இன்டெல் மேக்புக்கில் இரண்டு திரை வைத்துப் பழகியவர்கள் செகண்ட் ஹேண்டில் எம்1 வாங்கி ஏமாறுவது இங்கேதான். வெளி கிராபிக்ஸ் பெட்டி வைத்திருந்தால் அதையும் மறந்துவிடுங்கள், எம் வரிசையில் வேலை செய்யாது.

வேக ஒப்பீடுகளைப் படிக்கும்போது இரண்டு கேள்வி போதும். சோதித்த செயலி நேரடியாக ஓடியதா, ரொசெட்டாவில் ஓடியதா? சோதனை எவ்வளவு நேரம் நடந்தது? எம் வரிசை மேக்புக் ஏரில் விசிறி இல்லை. சில நிமிடச் சோதனையில் புரோவுக்கு இணையாகத் தெரியும் இயந்திரம், நீண்ட வீடியோ ஏற்றுமதியின்போது சூட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

நகரும் நாள்

முதலில் முழு பேக்அப். பூட் கேம்ப் இருந்தால் அந்தப் பகுதியைத் தனியாக எடுக்க வேண்டும். பேக்அப் எடுக்கும் டைம் மெஷினும், பழைய மேக்கிலிருந்து புதியதற்கு நகர்த்தும் மைக்ரேஷன் அசிஸ்டென்ட்டும் அதைத் தொடாது. ஒரே சமயத்தில் ஓரிரு கணினிக்கு மட்டும் உரிமம் தரும் மென்பொருள்களைப் பழைய மேக்கில் டீஆக்டிவேட் செய்யுங்கள். பழைய மேக்கை அழித்த பிறகு இதை நினைத்துப் பார்ப்பவர்கள் அதிகம். அதன் பின் தயாரிப்பாளருக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதுதான்.

மைக்ரேஷன் அசிஸ்டென்ட் கோப்புகள், கணக்குகள், அமைப்புகள், செயலிகள் எல்லாவற்றையும் கொண்டுவரும். எங்கள் பரிந்துரை: 'அப்ளிகேஷன்ஸ்' என்ற பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு மற்றதைக் கொண்டுவாருங்கள். செயலிகளைத் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள். அரை நாள் கூடுதலாகச் செலவாகும். ஆனால் இன்டெல் பிரதிகளும் பழைய டிரைவர் மிச்சங்களும் புது இயந்திரத்துக்குள் வராது. மீண்டும் இறக்க முடியாத ஒன்றிரண்டு செயலிகளை மட்டும் தனியாக நகலெடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் ஆவணங்களைப் பற்றிய பயம் வேண்டாம். பவர்பிசியும் இன்டெலும் எண்களின் பைட்டுகளை எதிரெதிர் வரிசையில் எழுதும் சிப்புகள். அன்று சில செயலிகளின் கோப்புகளில் அது சிக்கலாக வந்தது. இன்டெலும் ஆப்பிளின் ஆர்ம் சிப்பும் ஒரே வரிசையில்தான் எழுதுகின்றன.

செயலிகளை இறக்கும்போது ஒரு பொறி. எம் வரிசை மேக்கிலும் பிரவுசர் தன்னை வலைத்தளங்களிடம் 'இன்டெல் மேக்' என்றே சொல்லிக்கொள்கிறது, பழைய தளங்கள் குழம்பாமல் இருப்பதற்காக. அதை நம்பி, சில இறக்கப் பக்கங்கள் இன்டெல் பிரதியை உங்கள் கையில் கொடுத்துவிடும். பெரிய பொத்தானை அழுத்தாமல் 'ஆப்பிள் சிப்', 'ஆப்பிள் சிலிக்கான்' அல்லது 'ஆர்ம்64' என்று எழுதியிருக்கும் இணைப்பைத் தேடி இறக்குங்கள்.

ரொசெட்டா முன்கூட்டியே நிறுவப்பட்டு வருவதில்லை. முதல் இன்டெல் செயலியைத் திறக்கும்போது நிறுவட்டுமா என்று கேட்கும். அதற்கு இணையம் வேண்டும். இணையம் இல்லாத இடத்துக்கு மடிக்கணினியைத் தூக்கிப் போகிறீர்கள் என்றால், கிளம்பும் முன்பே ஏதாவது ஓர் இன்டெல் செயலியைத் திறந்து இதை முடித்துவிடுங்கள்.

மாறிய பிறகு: எது மெதுவாக ஓடுகிறது, ஏன்

'ஆக்டிவிட்டி மானிட்டர்' திறந்து, சிபியூ பகுதியில் தலைப்பு வரிசையின் மேல் வலச்சொடுக்கி 'கைண்ட்' பத்தியைச் சேருங்கள். ஒவ்வொரு வரியிலும் 'ஆப்பிள்' அல்லது 'இன்டெல்' என்று தெரியும். ஒரு நாள் வழக்கம்போல் வேலை செய்துவிட்டு, இந்தப் பத்தியை வரிசைப்படுத்திப் பாருங்கள்.

முக்கியச் செயலிகள் எல்லாம் 'ஆப்பிள்' என்று இருக்கும். ஆனால் மெனு பட்டியில் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு சிறு கருவி, ஒரு பிரிண்டர் உதவியாளர், ஒரு கிளவுட் சேமிப்புச் செயலி 'இன்டெல்' என்று நிற்கும். ஒன்றிரண்டு இருந்தால் பாதகமில்லை. வரிகளில் பிரவுசர் 'இன்டெல்' என்று இருந்தால் உடனே மாற்ற வேண்டும். பிரவுசரும், பிரவுசரை உள்ளே வைத்துக் கட்டப்பட்ட அரட்டைச் செயலிகளும் ஓடும்போதே புதுக் கட்டளைகளை உருவாக்கிக்கொண்டே இருப்பவை. முன்கூட்டியே மொழிபெயர்த்து வைக்கும் ரொசெட்டாவின் பலம் அங்கே செல்லாது. ஒவ்வொன்றையும் அந்தந்த நொடியில் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. "புது மேக் மெதுவாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

யுனிவர்சல் செயலி என்று தெரியும், ஆனாலும் 'இன்டெல்' என்று காட்டுகிறதா? ஃபைண்டரில் செயலியைத் தேர்ந்து கமாண்ட்-ஐ அழுத்தினால் வரும் பெட்டியில் 'ஓப்பன் யூசிங் ரொசெட்டா' என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டு, செயலியை முழுவதும் மூடித் திறங்கள்.

எதிர்த்திசையில் இதே டிக் ஒரு மருந்து. ஒரு செயலியின் பிளக்இன்கள் திடீரென்று பட்டியலிலிருந்து காணாமல் போனால் காரணம் எளிது: ஒரே புராசஸுக்குள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குள், இரண்டு சிப்பின் கட்டளைகள் சேர்ந்து ஓட முடியாது. தாய்ச்செயலி ஆர்ம் ஆகிவிட்டது, பிளக்இன் இன்னும் இன்டெல். டிக்கைப் போட்டுத் தாய்ச்செயலியையே ரொசெட்டாவில் திறந்தால் பிளக்இன்கள் திரும்பிவரும். ஆப்பிளின் இசைச் செயலியான லாஜிக் புரோ, இன்டெல் ஆடியோ யூனிட் பிளக்இன்களைத் தனி புராசஸில் ரொசெட்டா வழியாக ஓட்டிச் சமாளிக்கிறது. கையில் இருக்கும் திட்டத்தை முடிக்க டிக்கைப் பயன்படுத்துங்கள். புதுத் திட்டங்களை ஆர்ம் பிளக்இன்களோடு மட்டும் தொடங்குங்கள்.

ஒரு கருவியின் டிரைவர் ஆர்முக்கு வந்திருக்கிறது, ஆனால் கெர்னல் எக்ஸ்டென்ஷன் வடிவில் இருக்கிறது என்றால், கணினியை அணைத்து, பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்து ஸ்டார்ட்அப் தெரிவுகளுக்குப் போங்கள். 'ஆப்ஷன்ஸ்' வழியாக ரிக்கவரியில் நுழைந்து, 'யூட்டிலிட்டீஸ்' மெனுவில் 'ஸ்டார்ட்அப் செக்யூரிட்டி யூட்டிலிட்டி' திறந்து, 'ரெட்யூஸ்டு செக்யூரிட்டி'யைத் தேர்ந்து எக்ஸ்டென்ஷன்களுக்கு அனுமதி தர வேண்டும். பெயரே சொல்வதுபோல இது பாதுகாப்பைக் குறைக்கும் செயல். ஒரு பழைய கருவிக்காக இதைச் செய்வதைவிட, தனி டிரைவர் கேட்காத யூஎஸ்பி கருவியும் ஏர்பிரின்ட் பிரிண்டரும் நெடுநாளைக்கு நிம்மதி.

டெர்மினலில் வேலை செய்பவர்களுக்கு

டெர்மினல் வழியாக மென்பொருள்களை நிறுவ உதவும் ஹோம்பிரூ இன்டெல் மேக்கில் 'யூஎஸ்ஆர்' அடைவுக்குள் 'லோக்கல்' என்ற இடத்தில் இருக்கும். எம் வரிசையில் 'ஆப்ட்' அடைவுக்குள் 'ஹோம்பிரூ' என்ற இடத்தில். பழையதை அப்படியே கொண்டுவந்தால் அது ரொசெட்டாவில் ஓடிக்கொண்டே இருக்கும், அது நிறுவும் எல்லாமும் இன்டெலாகவே இருக்கும். பழைய மேக்கில் 'பிரூ பண்டில் டம்ப்' கட்டளையால் பட்டியலை எடுத்து, புது மேக்கில் ஹோம்பிரூவைப் புதிதாக நிறுவி, அந்தப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். ஷெல் அமைப்புக் கோப்புகளில் பழைய பாதையை நேரடியாக எழுதியிருந்தால் அதையும் திருத்த வேண்டும். டெர்மினலுக்கு ரொசெட்டா டிக் போட்டிருந்தால் அதற்குள் திறக்கும் எல்லாம் இன்டெலாக மாறிவிடும். 'யூநேம்' கட்டளையை எம் தெரிவோடு கொடுத்தால் 'ஆர்ம்64' என்று வர வேண்டும்.

சொந்த நிரல் எழுதுபவர்கள் இரண்டு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் இன்டெல் பிழை எழுப்பி நிறுத்தும். ஆர்ம் சத்தமில்லாமல் பூஜ்யத்தைத் தந்துவிட்டுப் போகும். அடுத்தது பல திரெட் நிரல்கள். நினைவகத்தில் எழுதிய வரிசை மற்ற கோர்களுக்கும் அதே வரிசையில் தெரியும் என்பதில் இன்டெல் கண்டிப்பானது, ஆர்ம் அப்படியல்ல. பூட்டு போட வேண்டிய இடத்தில் போடாமல் விட்ட தவறு இன்டெலில் வருஷக்கணக்கில் வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம். ரொசெட்டாவிலும் தெரியாது, ஏனென்றால் மொழிபெயர்த்த நிரல் ஓடும்போது ஆப்பிள் சிப் இன்டெலின் வரிசை முறையைப் பின்பற்றும்படி அமைத்திருக்கிறார்கள். ஆர்முக்கு நேரடியாகத் தொகுத்த அன்றுதான், எப்போதோ ஒரு முறை மட்டும் வரும் விபரீதமாக அது எழும். தொகுத்துவிட்டு ஒரு முறை ஓடியதும் திருப்தியடையாமல், இப்படிப்பட்ட தவறுகளைக் கண்டுபிடிக்கும் திரெட் சானிடைசர் போட்டுச் சோதியுங்கள்.

ஆர்ம் விண்டோஸ் லேப்டாப் என்றால்

ஆர்ம் சிப்புக்கென 2012-ல் வந்த விண்டோஸ் ஆர்டியில் மொழிபெயர்ப்பானே இல்லை. பழைய டெஸ்க்டாப் செயலி ஒன்றும் ஓடவில்லை. மறு வருஷம், அந்த விண்டோஸோடு வந்த சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட் சரக்குக்காக மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. இன்றைய நிலை வேறு. விண்டோஸ் 11 ஆர்ம் பதிப்பு 32-பிட், 64-பிட் இன்டெல் செயலிகள் இரண்டையும் ஓட்டும். 2024-ல் வந்த 24எச்2 பதிப்பில் பிரிசம் என்ற புது மொழிபெயர்ப்பான் சேர்ந்தது.

டிரைவர் விதி இங்கும் அதேதான்: ஆர்ம்64 டிரைவர் இல்லாத கருவி வேலை செய்யாது. விபிஎன், ஆன்டிவைரஸ், விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் போன்றவற்றில் உள்ளே டிரைவர் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். கூடுதலாக நிறுவும் மொழித் தட்டச்சுக் கருவிகள் ஆர்முக்கென்றே தொகுக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சில செயலிகளில் எழுத்து விழாது. எக்ஸ்ப்ளோரரின் வலச்சொடுக்கு மெனுவில் தங்கள் வரியைச் சேர்க்கும் கருவிகளின் வரியும் வராமல் போகலாம், பிளக்இன் விஷயத்தில் சொன்ன அதே காரணம். எது எப்படி ஓடுகிறது என்று பார்க்க, டாஸ்க் மேனேஜரின் 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் தலைப்பை வலச்சொடுக்கி 'ஆர்க்கிடெக்சர்' பத்தியைச் சேருங்கள்.

பழைய கணினியை என்ன செய்வது

சிவப்புக் கோடு போட்ட செயலி ஒன்றாவது இருந்தால் உடனே விற்காதீர்கள். அந்தச் செயலி இன்னும் திறக்கிற காலத்திலேயே அதில் உள்ள எல்லாவற்றையும் பொது வடிவங்களில் ஏற்றுமதி செய்யுங்கள்: கணக்குகளை சிஎஸ்வியாக, ஆவணங்களைப் பிடிஎஃப் ஆகவும் சாதா உரையாகவும், இசைத் தடங்களை ஒவ்வொன்றாக வேவ் கோப்பாக. ஏற்றுமதி செய்ததைப் புதுக் கணினியில் திறந்து, தேதிகளும் தொகைகளும் சரியாக வந்திருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். செயலியின் நிறுவல் கோப்பையும் உரிம எண்ணையும் வெளி டிஸ்க்கில் வையுங்கள். செயலி வேலை செய்யும் மேக்ஓஎஸ் பதிப்பிலேயே பழைய மேக்கை நிறுத்தி, தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்து, பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பிறகு இணையத்திலிருந்து துண்டித்து வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியாக இருந்தால் பேட்டரியைப் பாதி அளவு சார்ஜில் வைத்து, சில மாதங்களுக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். முழுவதும் தீர்ந்த நிலையில் அலமாரியில் கிடக்கும் பேட்டரி கெட்டுவிடும்.